நிலமும் பொழுதும்: தோட்டப்புற இயற்கைப் படங்கள் பற்றிச் சில சிந்தனைகள்

இயற்கையை நாள்தோறும் படம் பிடிப்பது ஒரு நோன்பு போன்றது. நாளுக்கு ஒரு படம். மழையாயினும் வெயிலாயினும் ஒரு நாளும் தவறலாகாது என்பதே அதன் விதி. கமரா செல்வர்களின் பொருளாக இருந்த காலம் போய், கைத்தொலைபேசியோடு சேர்ந்து சாதாரண மக்களின் கைக்கும் அது வந்துவிட்ட இந்நாளில், இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் றப்பர், தேயிலைத் தோட்டங்களிலும் இந்நோன்பில் நாட்டங்கொண்டோரைக் காண்கிறோம். தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தி முடிக்க வேண்டிய பாடசாலை ஆசிரியர், மாத முடிவில் செக்றோல் கணக்கை ஒப்பேற்ற வேண்டிய எழுதுவினைஞர், விடியுமுன் பால் வெட்டச் செல்லும் தொழிலாளி ஆகிய யாவரும் எதிர்கொள்ளும் இடர் ஒன்றே. குறித்த நாளுக்குள், குறித்த மணிக்குள் முடித்தாக வேண்டிய வேலை நெருக்குகின்றபோது இப்பழக்கத்தை எவ்வாறு விடாமற் காப்பது?

இவ்வினாவுக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடைகள் இரண்டு. கலைக்கு ஓய்வு வேண்டும், வேலை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்பது ஒன்று. மனமுண்டானால் மார்க்கமுண்டு, உறுதியுள்ளவனுக்கு வேலை தடையாகாது என்பது மற்றொன்று. முதல் விடை கலையை ஓய்வுள்ள வர்க்கத்தின் சொத்தாக ஒப்புக்கொடுத்துவிடுகிறது. இரண்டாவது விடை, நாளெல்லாம் உடல் நோக உழைத்தவனை நோக்கி, உனக்கு உறுதி போதாது என்று பழி கூறுகிறது. இரண்டுமே ஒரு கேள்வியைக் கேளாமல் விட்டுவிடுகின்றன: ஒருவனுடைய பொழுது யாருடையது? இக்கேள்வியை ஒதுக்கிவிட்டு இயற்கைப் படத்தின் அழகையோ, அதனைத் தொடர்ந்து எடுப்பவனின் ஒழுக்கத்தையோ மதிப்பிட இயலாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நேர நெருக்கடி கலைக்குப் பகையா என்பதை முதலில் நோக்குவோம். அமெரிக்காவின் வெர்மொண்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற சிற்றூரில் வாழ்ந்த வில்சன் பென்ட்லி (1865–1931) பண்ணைத் தொழிலால் பிழைத்த ஒரு குடியானவர். 1885 இல் உருப்பெருக்கியையும் கமராவையும் இணைத்துத் தனியொரு பனித்துகளைப் படமாக்கினார். அதன் பின் வாழ்நாள் முழுவதும், தொழுவ வேலைகளுக்கிடையே, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பனித்துகள்களைப் படம் பிடித்தார். பனித்துகள் கையின் வெம்மையில் கரைந்துவிடும். மூச்சுப் பட்டாலும் உருவழியும். ஆகவே அவருக்குக் கெடு விதித்தது அவர் படம் பிடித்த பொருளே. அந்தக் கெடுவினாலேயே அவர் கையில் வேகமும் கண்ணில் கூர்மையும் வளர்ந்தன.

மற்றொருவர், அதே நாட்டின் மின்னசோட்டா மாநிலத்தவரான ஜிம் பிராண்டன்பர்க். நாஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகைக்காக நெடுங்காலம் படம் எடுத்தவர். ஒரு கட்டுரைக்கென நூற்றுக்கணக்கான பிலிம் சுருள்களைச் செலவிடுவது அத்தொழிலின் வழக்கம். 1994 இல், இலையுதிர் காலத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளிலிருந்து குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல் வரை, 90 நாட்கள், நாளுக்கு ஒரே ஒரு படம் மட்டும் எடுப்பதென அவர் தமக்குத் தாமே விதித்துக்கொண்டார். இரண்டாவது முறை பொத்தானை அழுத்த இடமில்லை. சில நாட்களில் பொழுது சாயும் தறுவாயில்தான் அன்றைய படம் கிட்டியது. அத்தொடர் 1997 இல் அதே சஞ்சிகையில் வெளியாகி, மறு ஆண்டு நூலாயிற்று.

நமக்கு மிக நெருங்கிய சான்று தமிழகத்தில் உண்டு. தமிழ் நாவலின் முன்னோடிகளுள் ஒருவரான அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996), கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் இறக்கும்வரை, 46 ஆண்டுகள், இரு வாரத்துக்கு ஒரு முறை இயற்கை பற்றிய பத்தியை எழுதி வந்தார். பல கமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கருவியால் கறுப்பு வெள்ளையில் காட்டுயிர்களைப் படம் பிடித்தார். யானையைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு காக்கையையும் அணிலையும் வீட்டுச் சுவரில் ஊரும் பல்லியையும் எழுதினார். பத்தியின் கெடு அவரை அரிய விலங்குக்காகக் காத்திருக்க விடவில்லை. வாசலில் இருந்ததை உற்றுப் பார்க்க வைத்தது. அரியதைத் தேடி அலைபவன் தவறவிடும் செல்வம் அது.

இம்மூவரும் ஒரு செய்தியை உறுதிப்படுத்துகின்றனர். கெடு கலைக்குப் பகையன்று. பல வேளைகளில் அது கலைக்கு வடிவம் தருகிறது. ஆயின் இதனோடு நின்றுவிட்டால் நாம் மேற்சொன்ன இரண்டாவது விடையின் வலையில் வீழ்ந்தவர்களாவோம். பென்ட்லி சொந்த நிலத்தில் உழைத்தவர்; தொழுவத்திலிருந்து கொட்டகைக்கு நடக்க அவர் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. பிராண்டன்பர்க் தம் கெடுவைத் தாமே விதித்துக்கொண்டார். கிருஷ்ணன் எளிமையாகவே வாழ்ந்தார். எனினும் அவருடைய பொழுது அவர் கையில் இருந்தது. சப்பிரகமுவத் தோட்டங்களின் நிலைமை இதனின்றும் அடிப்படையிலேயே வேறுபட்டது.

இரத்தினபுரி நகரில் ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. களு கங்கையும் களனி கங்கையும் சிவனொளிபாத மலைத் தொடரில் தோன்றி இம்மாகாணத்தினூடே மேற்கே இறங்குகின்றன. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை ஆகிய பகுதிகளில் தாழ்ந்த சரிவுகளில் றப்பரும் உயர்ந்த சரிவுகளில் தேயிலையும் சிங்களக் கிராமங்களுக்கிடையே பரந்து கிடக்கின்றன. நுவரெலியாவைப் போலத் தோட்டங்கள் இங்கு ஒரே தொடர்ச்சியாக இல்லை, சிதறிக் கிடக்கின்றன. மலையக மக்களைப் பற்றிப் பேசும்போதுகூட சப்பிரகமுவத் தோட்டத் தமிழர் பலரின் நினைவில் பின்னுக்குத் தள்ளப்பட்டுவிடுவதற்கு இச்சிதறலும் ஒரு காரணமாகும்.

இங்கு ஒரு நாளின் அமைப்பு எத்தகையது? றப்பர் மரத்தில் பால் நன்கு சுரப்பது விடியற்காலையில். வெயில் ஏற ஏற மரத்தினுள் நீரழுத்தம் குறைந்து பால் வற்றும். ஆகவே இருள் பிரியுமுன்னரே பால் வெட்டுபவர் மரத்தடியில் நிற்க வேண்டும். பட்டையின் மெல்லிய கீற்றைச் சீவி, பால் சிரட்டையில் வடியவிட்டு, நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றி வந்து, பின் அதே வழியில் திரும்பி நடந்து, பால் உறைந்துவிடுமுன் சேர்த்தெடுத்து ஒப்படைக்க வேண்டும். இரவில் மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை. தேயிலையிலோ கொழுந்து சுமார் ஏழு நாளுக்கொரு முறை பறிக்கப்படாவிட்டால் முற்றிவிடும். பறித்த கொழுந்து அன்றே ஆலை சேர வேண்டும். நிறுவையில் குறித்த அளவு நில்லாவிடில் முழுப் பேர் விழாது, அரைப் பேர்தான். ஒரு நாளின் கூலியைப் ‘பேர்’ என்று சொல்லும் இம்மக்களின் வழக்கு ஆழ்ந்த பொருளுடையது. செக்றோலில் பெயர் விழுந்தால்தான் அந்த நாள் வாழ்ந்ததாகக் கணக்கு.

இதில் உற்று நோக்க வேண்டியது ஒன்றுண்டு. பென்ட்லிக்குப் பனித்துகள் கெடு விதித்ததைப் போலவே பால் வெட்டுபவருக்கும் இயற்கையே கெடு விதிக்கிறது: சூரியனின் ஏற்றம், பாலின் உறைவு, தளிரின் முதிர்வு. அவர் நாள்தோறும் இயற்கையை நோக்குகிறார். நோக்காமல் அவரால் வேலை செய்ய இயலாது. மேகத்தின் நிறம், பட்டையின் ஈரம், சிவனொளிபாத மலைப் பக்கத்து மூட்டம் ஆகிய எல்லாவற்றையும் பெரட்டுக்களத்துக்கு வருமுன்னரே அவர் கண் அளந்துவிடுகிறது. நாள் தவறாத நோக்கு என்பதே இப்பயிற்சியின் உயிர் என்றால், தோட்டத் தொழிலாளி அதனை ஒன்றரை நூற்றாண்டாகச் செய்து வருகிறார். ஆனால் அந்த நோக்கு கலையென ஏற்கப்படவில்லை. காரணம், கண்டதைத் தன் பொருட்டு நின்று காண்பதற்கும் பதிந்து வைப்பதற்கும் வேண்டிய பத்து நிமிடம் அவருடையதாக இல்லை. இயற்கை விதித்த கெடுவின் மேல், இலாபம் விதித்த மற்றொரு கெடு ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது. முன்னதைத் தவிர்க்க முடியாது. பின்னது மனிதன் செய்தது. மனிதன் செய்ததை மனிதன் மாற்றவும் கூடும்.

இந்நிலையில், இம்மலைகளை இதுவரை படம் பிடித்தவர்கள் யார், எதைப் படம் பிடித்தார்கள் என்று கேட்பது விமரிசகனின் கடமையாகும். புகைப்படக் கலையின் வரலாற்றில் பெரும் பெயர் பெற்ற ஆங்கிலப் பெண்மணி ஜூலியா மார்கரெட் கமரன் 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே மறைந்தார். அவர் கணவர் இங்கு கோப்பித் தோட்டங்களின் உரிமையாளர். இங்கிலாந்தில் கவிஞர்களையும் அறிஞர்களையும் பெயர் சொல்லிப் படமெடுத்த அவர், இங்கு தோட்டத்து உழைப்பாளிகளையும் படமெடுத்தார். முகங்களில் அவருக்கேயுரிய கம்பீரம் உண்டு. ஆயின் அந்த முகங்களுக்குரியோரின் பெயர்கள் பெரும்பாலும் நமக்குக் கிட்டவில்லை. அவரை அடுத்து வந்த வணிகப் படநிலையங்கள் தபால் அட்டைகளில் மலை, அருவி, கொழுந்துக் கூடை என்ற மூன்றையும் ஒரு சட்டத்துக்குள் அடைத்து உலகெங்கும் விற்றன. கூடை சுமந்தவள் அச்சட்டத்தில் நிலக்காட்சியின் ஓர் அலங்காரம் மட்டுமே.

இப்போக்கிற்கு விதிவிலக்கானது, 1934 இல் பசில் ரைட் இயக்கிய ‘இலங்கைப் பாட்டு’ என்ற ஆவணப்படம். தேயிலைப் பிரசார சபையின் பணத்தில், தேயிலையை விளம்பரஞ் செய்யும் பொருட்டு எடுக்கப்பட்ட படம் அது. 1681 இல் வெளியான றொபேட் நொக்ஸின் நூற்பகுதிகளை இலங்கையின் தலைசிறந்த புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் அதில் வாசிக்கிறார். முதற்பகுதியில் காட்டு இலைகளும் சிவனொளிபாத மலையேறும் யாத்திரிகர்களும் காணப்படுகின்றனர். மூன்றாம் பகுதிதான் நம் கவனத்துக்குரியது. கண் முன்னே உழைக்கும் மனிதரும் மரமும் இலையும். காதிலோ சந்தை விலைகளும் கப்பற் செய்திகளும் வணிகக் கடிதங்களும். இயற்கைக் காட்சியின் மேல் சந்தையின் குரலை ஏற்றியதன் மூலம், இந்த இலையின் பொழுது எங்கே நிர்ணயிக்கப்படுகிறது என்பதை அப்படம் உணர்த்திவிடுகிறது. விளம்பரத்துக்கு எடுத்த படத்திலேயே இவ்வளவு உண்மை நுழைந்தது, கலைஞனின் நோக்கு நேர்மையாக இருந்தமையால். எனினும் அந்தப் படத்திலும் தொழிலாளி பேசவில்லை. அவன் காணப்பட்டான், காண்பவனாக இருக்கவில்லை.

இன்றைய சுற்றுலாப் படங்களை இதனோடு ஒப்பிட்டால் நாம் பின்னோக்கிச் சென்றிருப்பது புலனாகும். மூடுபனி, பச்சைச் சரிவு, அச்சரிவில் செந்நிறப் புள்ளியாக ஒரு சேலை. லயத்தின் கூரை சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டுவிடுகிறது; பீலிக்கரையில் குடத்தோடு காத்திருப்போர் விலக்கப்படுகின்றனர். தோட்டத்து மக்கள் தம் வேலைக்களத்தை ‘மலை’ என்றே அழைப்பர். ‘மலைக்குப் போகிறேன்’ என்றால் வேலைக்குப் போகிறேன் என்று பொருள். வருகை தந்தவருக்கு மலை காட்சி. வாழ்பவருக்கு மலை உழைப்பு. ஒரே சொல்லின் இந்த இரு பொருள்களும் ஒரே படத்தில் சந்திக்கின்றனவா என்பதே இம்மாகாணத்து இயற்கைப் படத்தை உரைத்துப் பார்க்கும் உரைகல்.

இவ்வுரைகல்லை வெளியிலிருந்து இரவல் பெற வேண்டிய தேவையும் நமக்கில்லை. தொல்காப்பியரின் திணைக் கோட்பாட்டில் முதற்பொருள் எனப்படுவது நிலம் மட்டுமன்று. நிலமும் பொழுதும் சேர்ந்ததே முதற்பொருள். பெரும்பொழுதும் சிறுபொழுதும் இன்றி நிலத்துக்குப் பொருளில்லை. அந்நிலத்துக்குரிய கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்பவற்றோடு தொழிலும் ஒன்றாக வைத்து எண்ணப்பட்டது. பறவையும் மரமும் இயற்கை, தொழில் இயற்கைக்குப் புறம்பானது என்ற பிரிவினை நம் பழைய இலக்கணத்தில் இல்லை. அக்கோட்பாட்டுக்கும் அதன் காலத்துச் சமுதாய எல்லைகள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் மனிதரைத் துடைத்தெறிந்துவிட்டுத் ‘தூய இயற்கை’யைக் காட்டும் இன்றைய படங்களைவிட, நிலத்தையும் பொழுதையும் தொழிலையும் ஒருங்கே நோக்கிய அந்தப் பார்வை யதார்த்தத்துக்கு நெருக்கமானது.

இவ்விடத்தில் நம்மவர் சிலரின் கருத்தையும் மறுத்தாக வேண்டும். கூலியும் வீடும் காணியுமே பிரச்சினையாக இருக்கும் மக்களிடையே குருவியையும் பூவையும் படமெடுப்பது வீண் பொழுதுபோக்கு என்று கூறுவோர் முற்போக்காளரிடையே உண்டு. இக்கருத்து உழைக்கும் மக்கள்பால் கொண்ட பரிவினால் எழுவதாகத் தோன்றினும், உண்மையில் அவர்களைச் சிறுமைப்படுத்துவதே. சோறு உமக்கு, அழகு மற்றவர்க்கு என்று பங்கிட்டுக் கொடுக்க நமக்கு யார் உரிமை தந்தது? அறிவியலின் வரலாறும் இக்கூற்றைப் பொய்ப்பிக்கிறது. கித்துல்கலைக் காட்டில் 1995 இல் இன்னதென்று அறியப்படாத ஒரு பறவைக் குரலைக் கேட்ட தீபால் வரகாகொட, அக்குரலுக்குரிய சிற்றாந்தையை 2001 இல் சிங்கராஜ வனத்தில்தான் கண்ணாற் கண்டார். 1868 க்குப் பின் இலங்கையில் புதிதாகக் கண்டறியப்பட்ட முதற் பறவையினம் அது. 2004 இல் அதற்கு அறிவியற் பெயர் சூட்டப்பட்டபோது, 1970 களில் சிங்கராஜ வனத்தை மரம் வெட்டுவதிலிருந்து காக்கப் போராடியவருள் முதன்மையான தீலோ ஹொப்மனின் பெயர் அதில் இணைக்கப்பட்டது. தோட்டங்களுக்கு அண்மையிலுள்ள காடுகளில், எத்தனையோ பேர் செவியில் எத்தனையோ இரவுகள் வீழ்ந்திருக்கக்கூடிய குரல் அது. அதனைக் குறித்து வைக்கும் பொழுதும் கருவியும் இருந்தவருக்கே அது கண்டுபிடிப்பாயிற்று.

அப்படியாயின், கெடுவின் நடுவே நாள்தோறும் ஒரு படம் என்பது இங்கு எவ்வாறு சாத்தியமாகும்? வேலைக்குச் செல்லும் வழியிலேயே அதனை அமைத்துக்கொள்வது ஒன்றே நடைமுறைக்கு இசைந்தது. தனிப்பயணம் வேண்டியதில்லை, ஒரே மரம், ஒரே பாறை, ஒரே ஓடைத் துறை போதும். நாளும் கடந்து செல்லும் ஓரிடத்தில் ஒரு கணம் நின்று, அதே திசையில், அதே தொலைவில் ஒரு படம். நாளும் மணியும் குறிக்கப்பட வேண்டும். நல்ல படம் கிட்டாத நாளில் கெட்ட படமே போதும். விடுபட்ட நாளைவிட மங்கலான நாள் மேலானது. விடைத்தாள் கட்டு காத்திருக்கும் ஆசிரியருக்கும் கணக்குப் புத்தகம் காத்திருக்கும் எழுதுவினைஞருக்கும் இதற்கு மேல் பொழுது செலவாகாது. எடுத்ததைத் திருத்துவதும் வண்ணமேற்றுவதும் ஞாயிற்றுக்கிழமைக்கு விடப்படலாம். விடப்படாமலே போயினும் இழப்பில்லை.

இவ்வாறு ஒரே றப்பர் மரத்தை ஓராண்டு படமெடுப்பவருக்குக் கிட்டுவது என்ன என்று எண்ணிப் பாருங்கள். பெப்ரவரி அளவில் மரம் இலையுதிர்த்து வெறுமையாக நிற்கும். பின் செம்பு நிறத்தில் தளிர் விடும். பூத்துக் காய்த்துக் காய்கள் வெடித்து விதை சிதறும். இது இயற்கையின் நாட்காட்டி. அதே மரத்தின் பட்டையில் மற்றொரு நாட்காட்டியும் உண்டு. ஒவ்வொரு வெட்டிலும் ஒரு மெல்லிய கீற்று சீவப்பட, வெட்டுக் கோடு மாதம் மாதமாகக் கீழ்நோக்கி இறங்குகிறது. மேலே பட்டை மெல்ல மீண்டும் வளர்கிறது. மழை பெய்து வேலையற்றுப் போன நாட்களில் கோடு நகராமல் நிற்கும். அந்நாட்களில் ஒரு வீட்டில் அடுப்பும் தயங்கியிருக்கும். தளிரின் நிறமும் கூலியின் கணக்கும் ஒரே அடிமரத்தில் எழுதப்பட்டிருப்பதை, ஒருமுறை வந்து போகும் கமரா காணாது. நாளும் திரும்பி வரும் கமராவே காணும். இப்பயிற்சியின் கலைப் பெறுமதி இதில்தான் தங்கியிருக்கிறது. தனிப்படத்தின் கவர்ச்சியைவிடத் தொடரின் உண்மை இங்கு பெரிது.

அழகின் எல்லையைத் தாண்டிய ஒரு தேவையும் இதற்குண்டு. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது; நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற் போயினர். அதே மழையில் புளத்கொஹுபிட்டியவின் களுபஹனவில் லயன் வீடுகள் மண்ணுள் புதைந்தன. மறு ஆண்டு மே மாதம் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் நிலைகுலைந்தது. மண்சரிவு திடீரென நிகழ்வதாகத் தோன்றினும், பல இடங்களில் அதற்கு முன்னறிகுறிகள் உண்டு: நிலத்திலும் சுவரிலும் தோன்றும் வெடிப்பு, மெல்லச் சாயும் மரங்களும் கம்பங்களும், புதிதாகத் தோன்றும் ஊற்று, வற்றிப்போகும் ஊற்று, கலங்கி வரும் நீர். இவ்வறிகுறிகளைக் கவனிக்குமாறு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மக்களை எச்சரித்து வருகிறது. ஒரே சரிவை, ஒரே இடத்திலிருந்து, நாள் குறித்துப் படமெடுத்து வைத்திருப்பவரின் கையில் இருப்பது ஒரு சாட்சியம். சென்ற மாதம் நேராக நின்ற மரம் இம்மாதம் சாய்ந்திருப்பதை அது காட்டும். ‘சுவரில் வெடிப்பு முன்பே இருந்ததுதான்’ என்று எவரும் தட்டிக்கழிக்க முற்பட்டால், அது பதில் கூறும்.

படம் மலையைத் தாங்கிப் பிடிக்காது என்பதை நாம் அறிவோம். சரியக்கூடிய மலைச்சாய்வில் லயத்தைக் கட்டியது மழையன்று. தொழிலாளிக்குப் பாதுகாப்பான காணி இல்லாதிருப்பது இயற்கையின் விதியுமன்று. அப்பொறுப்பைத் தொழிலாளியின் கைத்தொலைபேசியின் மேல் சுமத்துவது கொடுமையிலும் கொடுமை. ஆயினும் கோரிக்கைக்குச் சான்று வேண்டும். சான்றைச் சேர்ப்பது பாதிக்கப்படுவோர் கையிலேயே இருப்பது, அது பிறர் தயவில் இருப்பதினும் நன்று.

இவ்வியற்கைப் படங்களுக்கு மற்றுமோர் அரசியற் பொருளும் உண்டு. 1948 இன் சட்டம் இம்மக்களின் குடியுரிமையைப் பறித்தது. எஞ்சியோருக்கு அது முற்றாகத் திரும்பக் கிடைக்க 2003 வரை செல்ல வேண்டியிருந்தது. 1977 இலும் 1983 இலும் நிகழ்ந்த வன்செயல்களின்போது சப்பிரகமுவத் தோட்டங்களிலிருந்து பலர் வடக்கு நோக்கி ஓட நேர்ந்தது. வவுனியாவின் காடுகளை வெட்டிக் குடியேறினர். நிலத்தில் உழைத்தும் நிலத்துக்கு உரியவரல்லர் என்று சொல்லப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தில் பிறந்த இளைஞன், தன் லயத்துக்குப் பின்னாலுள்ள ஓடையை முந்நூற்றறுபத்தைந்து நாளும் படமெடுத்து வைப்பானாயின், அவன் சொல்வது ‘இந்த ஓடை அழகானது’ என்பது மட்டுமன்று. ‘இதன் பெருக்கும் வற்றலும் எனக்குத் தெரியும், நான் இங்கே இருந்தேன், இருக்கிறேன்’ என்றும் அவன் சொல்கிறான். காணி உறுதியில் பெயரில்லாதவன் ஒரு நிலத்தோடு தனக்குள்ள உறவை நிலைநாட்டும் முறை அது. அந்த ஓடையில் குளிக்கும் சிங்களக் கிராமத்துப் பிள்ளையும் அதே நீரைப் படமெடுத்து, இருவரும் தம் தொடர்களை அருகருகே வைத்துப் பார்க்கும் நாள் வருமாயின், அது எத்தனையோ ஒற்றுமைப் பிரசங்கங்களிலும் பயனுள்ளதாகும். மழையும் மண்சரிவும் இருவருக்கும் பொதுவே.

ஆகவே, கெடுவின் நடுவில் நாட்படத்தை எவ்வாறு காப்பது என்ற வினா, தனிமனிதனின் மனவுறுதியோடு முடிந்துவிடுவதில்லை. உறுதியுள்ளவர் இன்றே தொடங்கட்டும். வேலைக்குச் செல்லும் வழியில் ஒரு மரத்தைத் தெரிந்துகொள்ளட்டும். இதில் தயக்கத்துக்கு இடமில்லை. ஆனால் பத்திரிகைகளும் வாசகர் வட்டங்களும் தோட்டத்துப் பாடசாலைகளும் தொழிற்சங்கங்களும் செய்ய வேண்டியவையும் உள்ளன. இத்தொடர்களைச் சேர்க்க வேண்டும். எடுத்தவரின் பெயரோடும் நாளோடும் காட்சிக்கு வைக்க வேண்டும். கமரன் காலத்துப் படங்களில் நேர்ந்ததுபோல் பெயர்கள் மீண்டும் தொலைந்துபோக விடலாகாது. விமரிசகர்களும், அருவிப் படத்துக்குத் தரும் பாராட்டில் ஒரு பங்கையேனும் பட்டையின் வெட்டுக் கோட்டைக் காட்டும் படத்துக்குத் தரக் கற்றுக்கொள்ள வேண்டும்.

எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எஞ்சிய எட்டு மணி நேரம் நம் விருப்புக்கு என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொழிலாளர் இயக்கம் முழங்கிற்று. அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்தை எதற்காகக் கேட்டார்கள் என்பதை நாம் சில வேளைகளில் மறந்துவிடுகிறோம். படிக்கவும் பாடவும் பிள்ளைகளோடு இருக்கவும், ஒரு மரத்தைக் காரணமின்றி நின்று பார்க்கவும் கூடத்தான் கேட்டார்கள். கூலி உயர்வுக்கான கோரிக்கையும் நிறுவையில் நேர்மைக்கான கோரிக்கையும் பொழுதுக்கான கோரிக்கைகளே. பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு, எவரும் அதட்டாமல், பேர் குறையும் என்ற அச்சமுமில்லாமல், தளிர்த்து நிற்கும் தன் மரத்தை ஒரு தொழிலாளி பத்து நிமிடம் நோக்கக் கூடுமாயின், அன்று எடுக்கப்படும் படமே சப்பிரகமுவ மலைகளின் முதல் முழுமையான இயற்கைப் படமாக இருக்கும்.